நத்தைச் சட்டை

மூன்றாவது முறை கழுவியும் பிரிண்டர் வெள்ளையைத் துப்பவில்லை. சிவப்பு வந்தது, நீலம் வந்தது. வெள்ளை வரவேண்டிய இடத்தில், படத்தைச் சட்டைக்கு மாற்றுகிற ஃபிலிம் கண்ணாடிபோல் கிடந்தது. அவன் மூடியை அறைந்து சாத்தினான்.

வெள்ளை மைக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டும். சும்மா விட்டால் அடியில் படிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். வெள்ளை அடியில்லாமல் கறுப்புச் சட்டையில் எந்த நிறமும் எடுபடாது. போன வாரம் முழுக்க பிரிண்டர் சும்மா கிடந்தது. காய்ச்சல் என்று அவன் மனைவி ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள். இன்று காலை தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். மதியம் வண்டி வரும்.

புதிதாக அச்சடிக்க வழியில்லை. மிஞ்சியது அவள் டிராயரில் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ஒரே ஒரு ஃபிலிம். சட்டையில் படம் ஒட்டுகிற ஹீட் பிரஸ்ஸை முதுகில் சுமந்துகொண்டு போகிற ஒரு நத்தை. அவளே தனக்காக வரைந்தது. விளையாட்டு அணிகளுக்கும் பிறந்தநாள் குழந்தைகளுக்கும் சட்டை அடித்துத் தள்ளியவள், "ஆர்டர் இல்லாத நாள்ல என்னோடதை ஒட்டிக்கறேன்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆர்டர் இல்லாத நாள் வரவில்லை.

தொளதொளவென்று இருந்தால்தான் அவளுக்குப் பிடிக்கும். இருப்பதிலேயே பெரிய கறுப்புச் சட்டையை பிரஸ்ஸில் விரித்தான். வாசலில் அவளுடைய அண்ணன் தலை நீட்டினான்.

"மாப்பிள்ளை, சாவு வீட்டுல மெஷின் சத்தம் கேக்குது. இன்னைக்குமா ஆர்டரு?"

"அவளுக்குத்தான்."

"அம்மா நல்ல துணி எடுத்து வச்சிருக்காங்களே."

"இதைத்தான் போடணும் மச்சான்."

"பனியனையா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரையும் பனியன் போட்டுட்டு வரச் சொல்லுங்க."

மச்சான் ஏதோ முனகிக்கொண்டு போனான். ஃபிலிமைக் கவிழ்த்து வைத்துக் கைப்பிடியை இறக்கியபோது, மேஜையில் அவள் போன் அடித்தது.

"அக்கா, எங்க டீம் சட்டை ரெடியா?"

"அக்கா இல்ல."

"எப்ப வருவாங்க?"

அவன் துண்டித்தான். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. மதியம் என்றார்கள், அதற்குள் வந்து நிற்கிறது. கைப்பிடியைத் தூக்கினான். இந்த ஃபிலிமை முழுக்க ஆறிய பிறகுதான் உரிக்க வேண்டும். அது தெரியாதவனில்லை. மறுபடி ஹாரன். மூலையைப் பிடித்து இழுத்தான்.

நத்தையின் உடம்பு சட்டையில் நின்றது. தலை ஃபிலிமோடு கிளம்பி வந்தது.

"சே!" ஸ்டூலை உதைத்தான். அது உருண்டுபோய், மடித்த துணியோடு உள்ளே வந்த மாமியாரின் காலடியில் நின்றது.

அவள் ஸ்டூலைப் பார்க்கவில்லை. பாதி உரிந்த ஃபிலிமைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"நத்தை, அத்தை. அவ வரைஞ்சது."

"தலையைக் காணோம்."

"இதுல ஒட்டிட்டிருக்கு."

"திரும்ப ஒட்டாதா?"

"மறுபடி அழுத்திப் பாக்கலாம். ஆற விடணும்."

"சூட்டோட இழுத்தீங்களாக்கும். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கல."

அவன் நிமிர்ந்தான். இதே அறையில், இதே இழுப்போடு, மனைவி வாயில் தினமும் கேட்ட பேச்சு. அவளுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று அவன் யோசித்ததே இல்லை.

ஃபிலிமை வரி பிசகாமல் படிய வைத்து மறுபடி அழுத்தினான். எடுத்து மேஜையில் வைத்தான். மாமியார் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, டிரைவர் கத்தறான்!" என்றான் மச்சான் வெளியிலிருந்து.

"கத்தட்டும். இன்னும் ஆறல."

இருவரும் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கை மூலைக்குப் போனது. அவள் தட்டிவிட்டாள். சற்றுப் பொறுத்து, தானே உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். கையை எடுக்க அவளுக்கு நேரமானது.

"இப்ப உரிங்க."

மெதுவாக உரித்தான். தலை நின்றது. ஒரு கொம்பு மட்டும் ஒட்டவில்லை.

"ஒரு கொம்பு போச்சு, அத்தை."

"இருக்கட்டும்."

கொண்டுவந்த துணியை ஸ்டூலிலேயே விட்டுவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ஆண்களை வெளியே போகச் சொன்னாள். கதவு சாத்தப்பட்டது.

அவன் ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியாரின் குரல், பள்ளிக்கு நேரமாகிவிட்ட பிள்ளையிடம் பேசுவதுபோல.

"கையைத் தூக்குடி... இந்தக் கையி... அவ்வளவுதான்."

அவன் பிரஸ்ஸின் சுவிட்சை அணைத்தான். சூடு காட்டும் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின.