ஜோர்பால் மொழிபெயர்க்காத கேள்வி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையிலிருந்து கிடைத்தது. பிகினிக்காரர்கள் இப்போது குடியிருக்கும் எஜிட் தீவில் நெய்மாட் சீமைப்பலா சுட்டுக்கொண்டிருந்தாள். “தம்பி வரலையா?” என்று சும்மா கேட்டுவைத்தேன்.

“வருவான். திம்பான். போவான். அவன்கூட எனக்குப் பேச்சு கிடையாது.”

அன்றே எழுத உட்கார்ந்தேன். ‘1946இல் அமெரிக்கர்கள் அணுகுண்டுச் சோதனைக்காகப் பசிபிக் கடலின் பிகினித் தீவைக் காலிசெய்தபோது நெய்மாட் கைக்குழந்தை. அந்தக் கப்பலில் அவள்...’

(அடித்துவிட்டேன். அவளுக்கே நினைவில்லாததை வைத்து அவள் கதையைத் தொடங்குவது எப்படி?)

2

இப்படித் தொடங்கலாம். கால் நூற்றாண்டு கழித்து, நிலம் சுத்தமாகிவிட்டது, திரும்பி வாருங்கள் என்று அமெரிக்கர்கள் சொன்னார்கள். நெய்மாட்டும் கணவன் லாஜிபோவும் போனார்கள். பிகினியில் பிறந்து வளர்ந்தவன் அவன். “இதுதான்டி நம்ம ஊரு” என்று காட்டிக்கொண்டே நடந்தான். அவளுக்கு எல்லாமே புதிது. ஆனாலும் அழுதாள். ஏன் என்று கேட்டேன். “அவரு அழுதாரு. நானும் அழுதேன்” என்றாள்.

மூன்றாம் வருஷம் லாஜிபோ இறந்தான். காரணம் அந்த மண்ணில் விளைந்த தேங்காய்...

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. டாக்டர்களும் முடிக்கவில்லை.)

3

1978. மறுபடி கப்பல் வந்தது. உங்கள் உடம்பில் விஷம் ஏறியிருக்கிறது, கிளம்புங்கள் என்றார்கள். எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். நெய்மாட் கணவனின் புதைகுழியருகே உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி வந்தார். மொழிபெயர்க்க அவள் தம்பி ஜோர்பால்.

“அக்கா, எந்திரி. மானத்த வாங்காத.”

“அவருகிட்ட ஒண்ணு கேளு. உசிரோட இருக்கறவங்களுக்கு இந்த மண்ணு ஆகாதுன்னா, செத்தவருக்கு மட்டும் ஆகுமா? என் புருசனும் இதே தேங்காயத்தான் தின்னாரு. அவர ஏன் ஏத்தல?”

ஜோர்பால் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: “கிளம்பத் தயார் என்கிறாள்.”

அதிகாரி சிரித்து, நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தம்பிக்கு அப்போது தெரியாதது ஒன்று உண்டு. மிஷன் பள்ளியில் படித்த அந்த அளவு ஆங்கிலம் நெய்மாட்டுக்கும் புரியும்.

அவள் எழுந்துபோய்க் கப்பலேறினாள். ஏன் ஏறினாள்? இங்கேதான் நான் குழம்புகிறேன். வாய் திறந்து, “அவன் பொய் சொல்றான்” என்றிருக்கலாமே?

“சொல்லத்தான் நெனச்சேன்” என்றாள் என்னிடம். “என் பாயையும் அவனே சுருட்டித் தோள்ல வச்சுக்கிட்டு நின்னான். என்னைய விட்டுட்டுப் போயிருவமோன்னு பயந்துட்டான், கழுத.”

“அப்ப மன்னிச்சிட்டீங்களா?”

“மன்னிச்சேன்னு யாரு சொன்னா?”

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஜோர்பால் காலில் விழுகிறான். (சினிமாத்தனம்.) இன்னொன்றில் இருவரும் பிகினிக்குப் போய்...

(போக முடியவில்லை. கதையிலும் முடியவில்லை.)

ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று ஜோர்பாலிடமே கேட்டேன். “அந்த ஆளுகிட்ட பதில் இருந்திருக்கும்னா நெனைக்கிறீங்க? இல்லன்னு அவ காதால கேட்டிருந்தா அங்கயே கெடந்து செத்திருப்பா.”

நெய்மாட்டிடம் போய் இதைச் சொன்னேன். கனல்மேல் சீமைப்பலாவைத் திருப்பிப் போட்டாள். “இருக்கலாம்” என்றாள். “ஆனா அது என் கேள்வி.”

அவள் கேள்வியை ஒரு வார்த்தை குறையாமல் தமிழில் கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அதிகாரி நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறாள்.