கொடி பிடித்தவளுக்குக் கிழங்கு இல்லை

"அவிச்ச கிழங்கில அந்தப் பிள்ளையின்ர கை பட்டுதெண்டால், நீ இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது!"

சத்தியபாமா அகப்பையை மகள் ஞானேஸ்வரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

மலாயாவின் குளுவாங் ஊரில், பெண்கள் பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு ஞானேஸ்வரிதான் தலைவி. ஜப்பான்காரன் வந்ததும் பூகோளப் பாடம் போய் மரவள்ளி வந்துவிட்டது, வகுப்புக்கொரு பாத்தி. இரண்டாம் ஆண்டுக்கு முதற்பரிசு. பரிசு என்ன தெரியுமோ? விளைந்த கிழங்கைத் தாங்களே அவித்து, ஜப்பான் அதிகாரி முன்னால் ஒரே பானையிலிருந்து எடுத்துத் தின்பது. அடேயப்பா, பரிசைப் பாருங்கள்!

"ஒரே வகுப்பு, ஒரே மனசு" என்று தினமும் காலையில் கிழக்கே ஜப்பான் சக்கரவர்த்தியை நோக்கிக் குனிந்து முழங்கிய பிள்ளைகள்தாம். ஆனாலும் ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லயத்திலிருந்து வரும் பேச்சியம்மாளுக்கு மட்டும் தண்ணீர் குடிக்கத் தனித் தகரக்குவளை. மண்ணைக் கொத்தும்போது ஒரே மனசாக இருந்தது, அடுப்பில் பானை ஏறியதும் இரண்டாகிவிட்டது.

"இந்தத் தடவையும் தள்ளி நிக்கச் சொன்னாங்கன்னா, நான் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன் ஞானம்" என்று பேச்சியம்மாள் சொல்லியிருந்தாள்.

"என்ர கையாலேயே உனக்குத் தருவன்" என்று ஞானேஸ்வரியும் வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது அது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

அன்று சாயங்காலமே தாய்மார் கூடினார்கள்.

"பச்சையா இருக்கையிலே தீட்டில்லே. வெந்துருச்சுன்னாத்தான் தீட்டு" என்று தீர்ப்புச் சொன்னாள், செட்டியார் வீட்டு நாகம்மை ஆச்சி.

"அவளை விலத்தினால் ஜப்பான்காரன் ஏனெண்டு கேப்பான். அறைஞ்சுபோடுவான்" என்றாள் சத்தியபாமா.

"ஏன் விலக்கணும்? ஒசத்தி வையுங்க! கொடியைக் குடுத்து நிறுத்துங்க. ரெண்டு கையும் கொடியிலே இருந்தா, கிழங்கை எப்புடி எடுப்பா?" என்றாள் ஆச்சி.

ஆகா, என்ன மூளை! அவமானத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்டிவிட்டார்கள். பெரிய மனுஷிகள் சொன்னபடியே ஆசிரியையும் தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் திடலின் நடுவில் ஜப்பான் கொடியைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாள் நின்றாள். தோழிகள் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்கள் கலங்கி ஞானேஸ்வரியையே பார்த்தன. வேலிக்கு அப்பால் தாய்மார் நிம்மதியாக நின்றார்கள்.

அதிகாரி வந்தார். கொடியைக் கண்டதும் விறைத்து நின்று உறுமினார். கொடிக்கு எல்லாரும் குனிய வேண்டும்; குனியாதவர் கன்னம் பழுக்கும். பிள்ளைகள் எழுந்து குனிந்தார்கள். வேலியோரத்துத் தாய்மாரும் பதறிக் குனிந்தார்கள். அவர்கள் குனிந்தது போதவில்லையாம். அதிகாரி பிரம்போடு அங்கே போய் ஒவ்வொரு முதுகாக அழுத்தினார்.

"ஆத்தாடி, யாரை ஆத்தா கும்பிடுறோம்!" நாகம்மை ஆச்சி முனகினாள்.

அதிகாரி முதுகு காட்டிய அந்தச் சமயம் ஞானேஸ்வரி பானையில் கைவிட்டாள். சுடச்சுட ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பேச்சியம்மாளின் வாயருகே நீட்டினாள். அவள் பாதியைக் கடித்தாள். மீதிப் பாதியை ஞானேஸ்வரி தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

குனிந்த தலையோடே சத்தியபாமா எல்லாவற்றையும் பார்த்தாள். கத்துவதற்குத் தலை தூக்கினாள். பிரம்பு அவளை மறுபடி பேச்சியம்மாளின் திசையில் மடக்கியது.

மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சத்தியபாமா வாசலை மறித்து நின்றாள். ஞானேஸ்வரி படிக்கு வெளியே நின்று கேட்டாள்:

"அம்மா, நான் அவளுக்கு ஊட்டினன். நீங்கள் அவளைக் கும்பிட்டனீங்கள். ரெண்டு பேரில ஆர் வெளியில நிக்கிறது?"