பாதிக் கட்டில்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். ஆர்டித் க்ளாஸன் கேட்டது ஒரு சரளைக் குழி. பூதம் கிளம்பியது அவளுடைய சொந்தப் படுக்கையறையிலிருந்து.

மார்லோ கவுண்டியில் மனிதர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், மாடுகள் ஐம்பதாயிரம். மாடுகளுக்கு ஓட்டு இல்லாத ஒரே காரணத்தால் அரசியல் இன்னும் மனிதர்கள் கையில் இருந்தது. கவுண்டியை, அதாவது அந்த மாவட்டத்தை, ஆளும் மூன்று கமிஷனர்களில் ஆர்டித் ஒருத்தி. கமிஷனர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். எந்த மண்சாலையில் எப்போது சரளை கொட்டுவது என்று கைதூக்குகிற வேலை. ஆனால் வசந்தத்தில் பனி உருகி, பிக்கப் வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்து நிற்கிறவனுக்குச் சரளை போடுகிறவர்தான் கடவுள். இரண்டாம் வட்டாரத்துக்குப் பதினாறு வருடமாக அந்தக் கடவுள் ஆர்டித்.

எல்லையில் ஒரு நல்ல சரளைக் குழி இருந்தது. பக்கத்து பிராண்டர் கவுண்டிக்காரர்கள் அது தங்களுடையது என்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆர்டித்துக்கு வயிறு எரிந்தது. அந்தக் காலத்தில் சங்கிலி பிடித்து எல்லை அளந்தவன் குடித்துவிட்டு அளந்தான், மறுபடி அள என்று மூன்று கூட்டங்களில் மேசையைத் தட்டினாள். தட்டித் தட்டிக் காரியத்தையும் சாதித்தாள். சர்வேக்காரர் செயற்கைக்கோள் கருவியோடு வந்தார். குழி மார்லோவுக்கே சொந்தம் என்று எழுதினார். அதே நேர்கோட்டைத் தெற்கே நீட்டிக்கொண்டு போனவர், ஆர்டித் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"அம்மா, உள்ள கொஞ்சம் பெயின்ட் அடிக்கணும். மன்னிச்சுக்கங்க."

சமையலறைத் தரையில் ஆரஞ்சு நிறத்தில் கோடு விழுந்தது. அடுப்பும் சாப்பாட்டு மேசையும் மார்லோவில். படுக்கையறையும் குளியலறையும் அவள் கணவன் ஆர்லோ கால்நீட்டிப் படுக்கும் சாய்வு நாற்காலியும் பிராண்டரில்.

தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தது. எதிர்த்து நின்றவன் ரூடி கோவாரிக், மாட்டுப் பண்ணைக்காரன், வாய் நீளம். பெயின்ட் காய்வதற்குள் கவுண்டி ஆபீசுக்குப் போய்விட்டான். அங்கே எல்லாமே டொனெட்டாதான். வரி கட்ட வந்தால் முதல் ஜன்னலில் உட்காருவாள். வண்டி நம்பருக்கு இரண்டாவது ஜன்னல். தேர்தல் என்றால் எழுந்து மூன்றாவது ஜன்னலுக்குப் போய், உங்களை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல் "சொல்லுங்க" என்பாள்.

"கமிஷனரம்மா வெளியூர்க்காரி ஆயிட்டாங்க, பேரை அடிச்சுடு" என்றான் ரூடி மூன்றாவது ஜன்னலில்.

ஆர்டித் பின்னாலேயே ஓடிவந்திருந்தாள். "ஏய், நான் சமைக்கிறது சாப்பிடறது எல்லாம் மார்லோவுலடா!"

"சாப்பிடறது கணக்கில்ல, ஆர்டித்" என்று டொனெட்டா சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். "எங்க தூங்கறீங்களோ அந்த ஊர்தான். தேர்தலுக்கு முந்தி முப்பது நாள். நானே காலைல வந்து பார்ப்பேன்."

"அப்ப அடுப்படியில போய்ப் படுங்க அம்மணி, கதகதன்னு இருக்கும்" என்றான் ரூடி.

அவன் கேலிக்குச் சொன்னான். அவள் அப்படியே செய்தாள். அன்று மாலையே கட்டிலைப் பிரித்துச் சமையலறையில் மறுபடி கோத்துப் போட்டாள். அடுப்பு ஒரு பக்கம் இடித்தது, குளிர்பெட்டி ஒரு பக்கம் இடித்தது. எப்படித் திருப்பினாலும் ஆரஞ்சுக் கோடு கட்டிலின் நட்டநடுவே ஓடியது. வலது பாதி மார்லோ, இடது பாதி பிராண்டர். முப்பத்தெட்டு வருடமாக வலது பக்கம் அவளுடையது, அதனால் அவள் தப்பித்தாள். இடது பக்கம் ஆர்லோவுடையது.

இதன் விபரீதம் நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த ஊரில் எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து விரல் தூக்குவது மரியாதை. ஒரு விரல் எல்லோருக்கும் உண்டு. இரண்டு விரல் தூக்கினால் நம்ம ஆள். கையையே தூக்கினால் வீட்டோடு ஓட்டு. ஆர்டித் அந்த நான்கு நாளும் எல்லாச் சாலைகளிலும் வண்டி ஓட்டி விரல்களை எண்ணினாள். இந்தக் கணக்கில் பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட அவள் தவறியதில்லை. ரூடிக்கு ஐம்பத்தேழு. தனக்கும், தன் ஓட்டையும் சேர்த்து, ஐம்பத்தேழு. மீதி ஆர்லோ ஒருவன். அவனோ பிராண்டரில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்.

"இந்தப் பக்கம் வந்துடு ஆர்லோ."

"அந்தப் பக்கத்துல நீ இருக்கியே."

"ரெண்டு பேரும் படுப்போம்."

"நான் நூத்திப் பத்து கிலோ. நீயும் ஒண்ணும் இளைச்சுப்போயிடல. தனியா ஒரு கட்டில் போடேன்."

"எங்க போடறது? உன் தலைமேலயா? மேசையை ஏற்கனவே வராந்தாவுல போட்டாச்சு."

ஆர்லோ கூரையைப் பார்த்தான். பேச்சுக்குக் கூலி கேட்கிற மனுஷன் அவன். ஏதோ யோசித்தான். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்துவிட்டான்.

அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் ஒற்றைப் பலகையில் இரண்டு பூசணிக்காய் வைத்ததுபோல் கிடந்தார்கள். ஒருவர் புரண்டால் மற்றவரும் புரள வேண்டும். டொனெட்டா காலை ஆறு மணிக்கு வருவாள், தானே காபி ஊற்றிக்கொள்வாள், நோட்டை விரிப்பாள்.

"ஆர்லோ கால் பிராண்டர்ல கெடக்கு."

"காலுக்கா ஓட்டு? தலையைப் பாரு" என்பாள் ஆர்டித் கண்ணைத் திறக்காமலே.

டொனெட்டா தலையைப் பார்ப்பாள், குறித்துக்கொள்வாள்.

வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும் ஆர்டித்துக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. கூட்டம், போன், சாலைச் சண்டை என்று ஓடியதில் இந்த மனிதனின் மூச்சுக் காற்று தன் பிடரியில் பட்டு எத்தனை வருடமாகிவிட்டது! முதுகுவலிக்காரன், எனக்காக இப்படி முடங்கிக் கிடக்கிறானே என்று அவளுக்குக் கண் கலங்கியது. ஜெயித்ததும் அவனுக்கு நல்லதாக ஒரு மெத்தை வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வட்டாரத்தில் நூற்றுப் பதினைந்து ஓட்டு. எண்ணுகிற அன்று கவுண்டி ஆபீசில் வழக்கம்போல் பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் பரிமாறினார்கள். ஆர்டித் இரண்டாவது கிண்ணத்தை முடிப்பதற்குள் டொனெட்டா மூன்றாவது ஜன்னலுக்குப் போய்த் தொண்டையைக் கனைத்தாள்.

"கோவாரிக் ஐம்பத்தெட்டு. க்ளாஸன் ஐம்பத்தேழு."

"மறுபடி எண்ணு!"

மறுபடி எண்ணினாள். ஓட்டு அசையவில்லை. ரூடி ரொட்டி மென்றுகொண்டே கை நீட்டினான். ஆர்டித் குலுக்கினாள், ஆனால் மனம் விரல் கணக்கிலேயே இருந்தது. ஸ்வோபோடா வீட்டில் நாலு, சரி. பாதிரியார் வீட்டில் இரண்டு, சரி. கிழவர் டீட்ஸ் ஒன்று, சரி. வீட்டுக்கு வருகிற பதினொரு மைலும் ஒவ்வொரு பெயராகக் கூட்டினாள். வீட்டுத் திருப்பத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கி, அவள் தலை கூரையில் இடித்தபோது கணக்கு முடிந்துவிட்டது.

ஆர்லோ கட்டிலில் சாய்ந்து மாட்டுச் சந்தை விலை படித்துக்கொண்டிருந்தான்.

"நீதானே?"

அவன் பேப்பரை மடித்தான். "நம்ம வீட்டு ரோட்டுக்குச் சரளை போடறேன்னு ரூடி சொன்னான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே, பாவி!"

"கேட்டேன். எதுவானாலும் மனுவா எழுதிப் போடுன்னே. போட்டேன். ஒன்பது மனு."

ஒன்பதும் அவளுக்கு நினைவிருந்தது. கமிஷனர் தன் வீட்டுக்கே சரளை கொட்டிக்கொண்டாள் என்று ஊர் பேசிவிடக் கூடாதே என்று, ஒவ்வொன்றையும் கூட்டத்தில் உரக்கப் படித்து, முதல் ஆளாகக் கைதூக்கித் தள்ளுபடி செய்தவள் அவள்தான். அப்போதெல்லாம் எல்லோரும் கைதட்டினார்கள். மனுப் போட்டவன் வீட்டில் சூப்பைச் சூடுபண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

"அப்ப ஒரு மாசமா எதுக்குய்யா என்னோட ஒட்டிக்கிட்டுப் படுத்தே? எனக்காகன்னு நெனச்சு உருகிட்டேனே!"

"இந்தப் பக்கம் படுத்தாத்தானே ஓட்டு" என்றான் ஆர்லோ. பொய் சொல்லத் தெரியாதவன். பிறகு கொஞ்சம் தயங்கி, "முதல் ரெண்டு நாளு அதுக்குத்தான். அப்புறம் பழகிப் போச்சு" என்றான்.

இரண்டாவதைக் கேட்கிற நிலையில் ஆர்டித் இல்லை. அவன் தலையணையை உருவிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டெறிந்தாள்.

"போ! உனக்கு இந்தக் கவுண்டியில ஓட்டும் கிடையாது, இடமும் கிடையாது. பிராண்டர்லயே கெட!"

ஆர்லோ மெல்ல எழுந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்த் தலையணையை எடுத்துத் தூசி தட்டினான்.

"அங்க ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆர்டி" என்றான். "நீயும் வாயேன்."