பாதி மரத்தில் பூ

பூத்திருக்கிறது என்று சொன்னதற்கு அவள் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்தபடியே, "நாளைக்கு ஆள் வர்றாரு, வெட்டிட்டுப் போகட்டும்" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? ஏழு வருஷமாக வாயே திறக்காத பீச் பழ மரம் இன்று காலை பூத்திருக்கிறது. படியில் இடறிக்கொண்டு ஓடிவந்து சொன்னால், அதற்கு இதுதான் பதில்.

அவள் தையல்காரி. பின்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருந்தாள். நூல் கோக்கத் தலையைத் தூக்கினால் தோட்டத்து மரம்தான் கண்ணில் படும். இந்த வீட்டுக்கு வந்த வருஷம், பஸ்ஸில் மடியில் வைத்து, இறங்குகிற ஒவ்வொருவரின் பையும் இடிக்காமல் கையால் அணைத்துக் கொண்டுவந்து நட்ட கன்று அது. பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருக்கும் அவள் கணவர் அன்றைக்குக் குழி தோண்டக்கூட வரவில்லை.

பூக்காமல் போனபோது மட்டும் பேச வந்துவிட்டார். உன் கைராசி அப்படி, நீ வைத்தால் விளங்குமா என்பார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார், நாத்தனாரிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அவளும் அதை நம்பித் தொலைத்தாளே, அதுதான் வயிற்றெரிச்சல். மண்ணை மாற்றினாள், எரு போட்டாள், வெயில் போதவில்லையோ என்று துணிக்கொடியை இடம் மாற்றினாள். ஏழு வருஷமும் குற்றவாளி மாதிரி அந்த மரத்தின் முன்னால் நின்றாள்.

அவர் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். குளிர்காலத்தில் கடை விடுமுறை நாள் பார்த்து, நீளப் பிடி போட்ட கத்தரியோடு மரத்துக்குக் கட்டிங் போட வந்துவிடுவார். அந்த வருஷம் புதிதாக விட்ட குச்சி ஒன்று மிஞ்சக்கூடாது. ஒட்ட நறுக்கி, உச்சியை உருட்டி, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பார். பின்னங்கழுத்துக்குக் கண்ணாடி காட்டாததுதான் பாக்கி. ஏன் இவ்வளவு வெட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "முப்பது வருஷமா வெட்டறவன்கிட்டயா சொல்லித் தர்ற? வெட்ட வெட்டத்தான் வளரும்" என்று வாயை அடைத்துவிட்டார். வளரத்தான் செய்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

இந்தக் குளிரில் பாதி வெட்டும்போதே அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். வீட்டுப் பக்கம் மொட்டை, சுவர்ப் பக்கம் பரட்டை என்று மரம் அப்படியே நின்றது. பார்க்கவே சகிக்கவில்லை, வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஷெட் போடலாம், கடையில் கழித்த சுழல் நாற்காலிகளை அங்கே போடலாம் என்று அப்போதே முடிவு கட்டி, ஆளுக்கும் சொல்லிவிட்டார்.

இன்றோ, சுவர்ப் பக்கத்தில் ஓர் இலைகூட வராத வெறுங்குச்சிகளில் இளஞ்சிவப்பாக அத்தனை பூ. கழுத்தில் தொங்கும் டேப்போடு அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு தேனீக்கள்கூட வந்துவிட்டன. சாயங்காலம் கடையிலிருந்து வந்தவரிடம், இந்த வருஷம் மட்டும் விட்டுவையுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு நாலு பூவா என்று கேட்டுவிட்டு, அவர் ஷெட்டுக்கு அளவெடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மரம் வெட்டுகிறவர் ரம்பத்தோடு வந்தார். சலூனில் மாதாமாதம் முடி வெட்டிக்கொள்கிற ஆள்தான். மரத்தை ஒரு சுற்று சுற்றினார். மொட்டைப் பக்கத்துக் குச்சிகளின் நுனியை ஒவ்வொன்றாகத் தடவினார். ரம்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்தப் பக்கத்த யாரு இப்படி வழிச்சது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சொன்னார்.

"பீச்சு போன வருஷம் விட்ட குச்சியிலதான் இந்த வருஷம் பூக்கும். அதையெல்லாம் வெட்டிட்டா எங்கேருந்து பூக்கும்? வெட்டாத பக்கத்தப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு. மரத்துமேல ஒரு குத்தமும் இல்ல."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. ஏழு வசந்தத்தையும் நறுக்கிக் கூட்டித் தள்ளிய மனிதர் பக்கத்திலேயே நிற்கிறார், கைராசி கெட்டவள் இவளாம். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தாள். திறந்தார்.

"எல்லாம் இவ வேலைதான்" என்றார், சிரித்துக்கொண்டே. "சொன்னாக் கேக்க மாட்டா. எந்நேரமும் கத்தரியும் கையுமா நிப்பா."

தன்னிடம் தலையைக் கொடுக்கிற ஆளிடம், கட்டிங் கெட்டுப்போனது தன் கையால்தான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு நாக்கு வரவில்லை. அதற்காகப் பழியைத் தூக்கிப் பெண்டாட்டி தலையில் போடுவதா? அதுவும் அவள் முகத்துக்கு நேராகவே? மரம் வெட்டுகிறவர் நம்பிவிட்டார். பாவம், அவள் பக்கம் திரும்பி, "தெரியாமப் பண்ணிட்டீங்கம்மா. பரவால்ல, இப்போ என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

பொய் என்று கத்த வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கேள்வி யாரிடம் வந்திருக்கிறது என்பது அதற்குள் அவளுக்கு உறைத்துவிட்டது. ஏழு வருஷத்தில் இந்த மரத்தைப் பற்றி அவளை யாரும் கேட்டதில்லை.

"ஆமாண்ணே, நான்தான் வெட்டினேன்" என்றாள். "ஏழு வருஷமா நான் ஒருத்திதான் வெட்டினேன். இனிமேயும் இதுல நான் மட்டும்தான் கை வைப்பேன். மரம் நிக்கட்டும். எதை விடணும், எதை எடுக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"போய் என் கத்தரிய எடுத்துட்டு வாங்க."

அவர் அவளைப் பார்த்தார். மரம் வெட்டுகிறவரைப் பார்த்தார். அவள்தான் வெட்டினாள் என்று அவரே சொன்ன பிறகு அந்த நீளப் பிடிக் கத்தரியும் அவளுடையதுதானே? போய் எடுத்துக்கொண்டு வந்தார்.