கெதூரா க்ரேனின் ஓட்டு

“மெதுவா, மெதுவா. சக்கரத்துல இடிக்கப் போகுது” என்றாள் ரோடா. அவளும் பக்கத்து நிலத்துக்காரன் சாம்சனும் அவளுடைய தாயை நாற்காலியோடு சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கெதூரா க்ரேனின் கால்கள் நீர் கோத்துக் காலுறைக்குள் அடங்காமல் பிதுங்கின. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று பத்து நாளாக உட்கார்ந்தபடியே தூங்குகிறவள், இன்று விடிந்ததும் விடியாததுமாகக் கறுப்புப் பட்டுத் தொப்பியைக் கேட்டாள்.

“அங்க போய் என்னம்மா ஆகப்போகுது? விட மாட்டாங்க.”

“விட மாட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்.”

கணவர் இறந்து ஆப்பிள் தோட்டம் தன் பேருக்கு வந்த பதினொரு வருஷத்தில் அவள் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. நியூ ஜெர்ஸியில் சொத்துள்ள விதவைக்கும் கல்யாணமாகாத பெண்ணுக்கும் ஓட்டு இருந்தது. போன வருஷம், 1807 நவம்பரில், ட்ரென்டனில் கூடிய சட்டசபை அதை முடித்துவைத்தது. இனி வரி கட்டும் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும்தான். ஆமாம் என்று சொன்ன உறுப்பினர்களில் ஜோதம் க்ரேனும் ஒருவன், அவள் வயிற்றில் பிறந்தவன். அன்றிலிருந்து அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சட்டத்தில் சாம்சனுக்கும்தான் ஓட்டு போயிற்று. அடிமையாகப் பிறந்து, உழைத்துத் தன்னையே மீட்டுக்கொண்டு, ஓடைக்கு அப்பால் நாலு ஏக்கர் சேர்த்த கறுப்பு மனிதன் அவன்.

“நீயும் ஏறு, சாம்சன்” என்றாள் கெதூரா.

“உங்கள வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. என்னை அப்படிச் சும்மா அனுப்ப மாட்டாங்க.” அவன் கம்பளியை அவள் முழங்கால்மேல் இழுத்துச் செருகினான். “நான் விறகு வெட்டப் போறேன்.”

ரோடா லகானை எடுத்தாள். அவளுக்கு முப்பத்துநாலு வயது. வருஷாவருஷம் அம்மாவை ஓட்டுப் பெட்டி வைக்கும் சத்திரத்துக்கு ஓட்டிவந்து, குதிரையைப் பிடித்தபடி வெளியே நிற்பாள். தோட்டம் ஒருநாள் தன் பேருக்கு வரும், அன்றைக்குத் தானும் அந்தக் கதவுக்குள் போவோம் என்று நினைத்ததுண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

சத்திர வாசலில் ஆண்கள் கூட்டம். பீப்பாய்க்குப் பக்கத்தில் ஆப்பிள் மதுவும் இஞ்சி ரொட்டியும் யார் செலவிலோ ஓடிக்கொண்டிருந்தன. வண்டியில் இருப்பது யாரென்று தெரிந்ததும் பேச்சு அடங்கியது. சிலர் தொப்பியைத் தொட்டார்கள். இறக்கிவிட ஒருவரும் வரவில்லை.

படியிலிருந்து மேஜைவரை பதினைந்து அடிகூட இருக்காது. மூன்று இடத்தில் நின்றார்கள். ரோடாவின் தோளைப் பற்றியிருந்த விரல்கள் துணியைத் தாண்டி எலும்பில் அழுந்தின.

மேஜைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் ஏனோஸ் மன். அதே ஊர்க்காரர். பெட்டியைத் தன் பக்கம் சற்று இழுத்துக்கொண்டார்.

“கெதூராம்மா, உடம்பு இப்படி இருக்கறப்ப எதுக்கு வந்தீங்க?”

“என் பேரக் கூப்பிடு, ஏனோஸ்.”

“பேரு இதுல இல்லம்மா. உங்களுக்கே தெரியும்.”

“அப்ப எழுது. கெதூரா வந்தா, நான் மாட்டேன்னு சொல்லிட்டேன்னு எழுது. உன் கையால எழுது.”

அவர் இறகுப் பேனாவை எடுத்தார், மையில் தோய்த்தார், எழுதாமல் வைத்துவிட்டார்.

“தாடி வளத்துட்டு வா பாட்டி, ரெண்டா போட்டுக்கலாம்!” பின்னாலிருந்து எவனோ கத்தினான். சிரிப்பு எழுந்தது.

கெதூரா திரும்பிப் பார்த்தாள். “போன வருஷம் பாவாடை கட்டிட்டு வந்து மறுபடி மறுபடி போட்டவனெல்லாம் உங்காளுங்கதானேடா? அவன் செஞ்ச திருட்டுக்குத் தண்டனை எங்களுக்கா?”

அந்தச் சிரிப்பு அறுந்தது. சாளரத்தோரம் நின்றிருந்த ஜோதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இந்தத் தேர்தலிலும் நிற்கிறான். காதுமடல் சிவந்திருந்தது.

“அம்மா, எதுக்கு இந்தக் கூத்து? வீட்டுக்குப் போங்க. ரோடா, உனக்காவது புத்தி வேண்டாமா?”

கெதூரா மகனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள், சந்தையில் தெரிந்த முகமா என்று பார்க்கிறவளைப்போல. பிறகு ரோடாவின் தோளை அழுத்தினாள். இருவரும் வெளியே வந்தார்கள்.

வரும்போது ஏற்ற சாம்சன் இருந்தான். இப்போது ரோடா மட்டும்தான். வண்டிக்குள் நின்று அம்மாவின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். பட்டுத் தொப்பி கழன்று சேற்றில் விழுந்தது. கடைசியில் ஒரு கிழவர் வந்து கால்களைத் தூக்கிவிட்டுப் போனார்.

பாதி வழி வந்திருந்தார்கள். மேப்பிள் மரங்களைத் தாண்டும்போது கெதூரா சொன்னாள்:

“இளைச்சுப்போயிட்டான் பாத்தியா.”

“யாரு?”

“கழுத்துப் பட்டி தொளதொளன்னு இருக்கு. அவன் பொண்டாட்டி ஒழுங்கா ஆக்கிப் போடறதில்ல.”

ரோடாவுக்கு ஆத்திரம் வந்தது. லகானைச் சுண்டினாள். ஓடைப் பாலத்தில் பலகைகள் தடதடத்தன. அக்கரையில் ஏறியதும், “குளிருதாம்மா?” என்று கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். குதிரையை நிறுத்திவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அம்மாவின் தலை வண்டி ஓரத்தில் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. கம்பளியைக் காற்று புரட்டிப் போட்டிருந்தது. ரோடா இறங்கிப் போய் அதை முழங்கால்வரை இழுத்துச் சரியாகச் செருகினாள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்றாள்.

ஜோதம் சாயங்காலம் வந்தான். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் உடம்பைக் கழுவி வெள்ளை உடுத்திவிட்டிருந்தார்கள். அவன் நடையிலேயே நின்றான்.

“நாளைக்கும் ஓட்டு நடக்குது. அடக்கத்த வியாழக்கிழமை வெச்சுக்கலாம், ரோடா. அப்பதான் ஆளுங்க வருவாங்க.”

“நாளைக்குத்தான்.”

“தூக்கறதுக்காவது நாலு பேரு வேணாமா?”

“தூக்கிக்கலாம்.”

அவன் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “ரெண்டு கட்சியும் பேசி முடிச்ச சட்டம் அது. நான் ஒருத்தன் வேண்டாம்னா நின்னிருக்குமா?”

ரோடா தண்ணீர்ச் சட்டியைப் பின்வாசலில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

“வழியில…” என்றான். “வழியில என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

அவனுடைய கழுத்துப் பட்டியைப் பார்த்தாள். உண்மையிலேயே தொளதொளப்பாகத்தான் இருந்தது.

“இல்ல” என்றாள்.

அவன் தலையாட்டினான். இன்னும் ஏதோ கேட்கப்போகிறவன்போல நின்றுவிட்டு, சவப்பெட்டிக்குப் பலகை அறுக்கும் சாம்சனுக்கு உதவ வெளியே போனான். அன்று அவள் அழவில்லை. ‘இல்ல’ என்ற அந்த ஒரு சொல் மட்டும் முள்ளாகக் குத்தியது. எடுத்துவிடலாமா என்று பலமுறை எழுந்தாள், ஜோதம் ரம்பம் இழுப்பதைச் சாளரம் வழியாகப் பார்த்தாள், திரும்ப உட்கார்ந்தாள்.

புதன்கிழமை அவன் சொன்னதுதான் நடந்தது. ஊர் ஆண்களில் பாதிப்பேர் சத்திரத்தில். மீதிப்பேர் கண்ணில் படவில்லை. சவப்பெட்டியின் முன்பக்கத்தை ஜோதமும் சாம்சனும் எடுத்தார்கள். பின்பக்கத்தில் ரோடாவும் ஆடு வளர்க்கும் ஒரு விதவையும் தோள் கொடுத்தார்கள். பெண்கள் தூக்கிப் போதகர் பார்த்ததில்லை. முதலில் வாயைத் திறந்தார், பிறகு வேதப்புத்தகத்தைத் திறந்தார். ஏறுவழியில் உயரம் ஒத்துவராமல் பெட்டி ஒருபக்கமாகச் சரிந்தது. நின்று நின்று போனார்கள்.

குழியருகே கயிறு போட்டு இறக்கினார்கள். போதகர் தாழ்ந்த குரலில் வாசித்தார். ஈரமண் வாசம். அப்போது கீழே பள்ளத்தாக்கிலிருந்து முரசுச் சத்தம் கேட்டது. வெளியூரிலிருந்து ஓட்டுப் போட ஒரு வண்டிநிறைய ஆட்கள் வந்திறங்குகிறார்கள். பின்னாலேயே ஆரவாரம்.

சாம்சன் தலையைத் தூக்கவில்லை. ரோடாவும் மற்றப் பெண்களும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோதம் மட்டும் சற்றே முகத்தைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, முரசடியை வைத்து வந்திருப்பது எந்தக் கட்சி வண்டி என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கயிறு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.