ஆகஸ்ட் மாதத்து மணல்

எங்கள் மிச்சிகன் பக்கத்தில் ஆகஸ்ட் மாதம் வந்தால் எந்த முட்டாளும் மண் நிபுணன் ஆகிவிடுவான். மேலே வெளுத்த மணல், கையில் அள்ளினால் விரல் இடுக்கில் ஓடிவிடும். அதே வயலில் ஏப்ரலில் காட்டு வாத்துகள் வந்து இறங்கும். அந்த வாத்துகளுக்கு இருக்கிற மண்ணறிவில் கால் பங்கு எங்கள் மாதா கோயில் கமிட்டிக்கு இருந்திருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டியே வந்திருக்காது.

பழைய கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது. பீட்ரூட் போட்டு மூன்று முறை அழுகிப்போன இரண்டு ஏக்கரைக் கமிட்டித் தலைவன் ஃப்லோரியன் டெம்பெக் புதுக் கல்லறைத் தோட்டத்துக்குத் தானமாகக் கொடுத்தான். வாசல் வளைவில் அவன் பெயரைக் கல்லில் வெட்டுவதாகப் பேச்சு. கல்லுக்கு ஆர்டர் போன பிறகுதான் மண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கோ ஞாபகம் வந்தது.

எனக்கு இதில் என்ன வந்தது என்றால், என் புருஷன் அலோய் சாகக் கிடந்தான். இதயம் வீங்கிவிட்டது, அடுத்த கோடையைப் பார்க்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது வருடம் ஊரார் வயல்களில் வடிகுழாய் பதித்தவன் அவன். பள்ளத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, மண்ணுக்கடியில் குழாய் வைத்து, தண்ணீரை ஓடைக்கு அனுப்புகிற வேலை. குழிக்குள் அவன், மேலே இயந்திரத்தில் நான். தினமும் சாயங்காலம் அவன் பூட்ஸில் அப்பியிருக்கும் சேற்றைச் சுரண்டிக் கழுவுவதும் நான்தான். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"பெர்னிஸ், என்ன எங்க வேணாலும் பொதை. ஈரத்துல மட்டும் போட்டுடாத. நின்னதெல்லாம் போதும்."

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை கமிட்டி மண் சோதனை செய்தது. சோதனை என்றால் என்ன? ஒரு வாளித் தண்ணீரை மணலில் ஊற்றினார்கள். சர்ரென்று உள்ளே போய்விட்டது. கமிட்டி ஆட்கள் ஏழு பேரும் கை தட்டினார்கள்.

"பாத்தியா? சல்லடை மாதிரி. நோவா காலத்து வெள்ளம் வந்தாலும் இங்க நிக்காது" என்றான் ஃப்லோரியன்.

"உள்ள போச்சு. சரி. அப்புறம் எங்க போச்சு?" என்றேன்.

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீர் கண்ணைவிட்டு மறைந்தால் உலகத்தைவிட்டே மறைந்ததாக நினைக்கிற கூட்டம்.

கையோடு கொண்டுபோயிருந்த மண் துளைக்கும் திருகுக் கம்பியை இறக்கினேன். இரண்டடியில் வந்த மணலில் துருப்பிடித்த மாதிரி செம்பட்டைத் திட்டுகள். மூன்றடியில் மணல் சாம்பல் நிறம். நான்கரை அடியில் திருகு கல்லில் உரசிக் கிறீச்சிட்டது. ஒரு காலத்தில் பனிமலை நகர்ந்து வந்து அரைத்துப் போட்டுவிட்டுப் போன களிமண் அது, கல்லும் கூழாங்கல்லுமாக, தார்ச்சாலை மாதிரி இறுகிக் கிடப்பது. மழையும் பனிநீரும் மணலுக்குள் சுலபமாக இறங்கும். அந்தக் களிமண்ணுக்கு மேல் வந்து, சட்டியில் நிற்கிற மாதிரி நிற்கும். மாதக் கணக்கில் நின்ற இடம் சாம்பலாகும், ஏறி இறங்குகிற இடம் துருவேறும். தண்ணீர் போய்விட்டாலும் அந்தக் கறை போகாது.

"இந்தா, ஏப்ரல்ல தண்ணி நிக்கிற மட்டம்" என்று செம்பட்டை மண்ணை ஃப்லோரியன் உள்ளங்கையில் வைத்தேன்.

"துரு இருந்தா தண்ணியா? எங்க தாத்தா பழைய ஏர்க்கலப்பைய எங்கயாவது விட்டிருப்பாரு" என்றான். ஏழு பேரும் சிரித்தார்கள். "நீ குழாய் வேலை புடிக்கப் பாக்குற, பெர்னிஸ். அதான் விஷயம். தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாது."

"பல்லப் பாக்கல ஃப்லோரியன். மாடு மெதக்குதேன்னு பாக்குறேன்."

ஃபாதர் நார்பெர்ட் வந்து நிலத்தைச் சுற்றித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அந்த நிலத்துக்கு அதுவரை கிடைக்காமல் இருந்தது தண்ணீர் ஒன்றுதான் என்பது போல.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அலோய் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

"வாய மூடிட்டு மாத்திரைய முழுங்கு" என்றேன். "நானே குழாய் போடுறேன். கூலி ஒண்ணும் வேணாம். என்ன கெட்டுப்போச்சு?"

"குழாய யாரும் போடலாம் பெர்னிஸ். தண்ணி போய் விழறதுக்கு எடம் வேணுமே. ஓடைக்கும் கல்லறைக்கும் நடுவுல யாரு வயல் கெடக்கு?"

ஃப்லோரியன் வயல். கீழ் வயல்காரன் சம்மதிக்காமல் அவன் மண்ணுக்கடியில் குழாய் கொண்டுபோக முடியாது. எங்கள் ஊரில் அதற்காக அண்ணன் தம்பியே முப்பது வருடம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். வெட்கத்தை விட்டு அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் மனைவி ஹெட்விக் ஆப்பிள் கேக் வெட்டி வைத்தாள். அவன் கேக்கைத் தின்றுகொண்டே முடியாது என்று தலையாட்டினான்.

"காஞ்ச நெலத்துக்கு எதுக்குக் கொழாய்? நான் சரின்னு சொன்னா, ஈர நெலத்தத் தானம் பண்ணேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஈர நெலம்தானேப்பா அது?"

"ஆகஸ்ட்ல பாத்தோம்ல!"

ஹெட்விக் கேக் தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அலோய் பனிக்காலம் முழுவதும் தாக்குப்பிடித்தான். ஏப்ரல் முதல் வாரம், பனி எல்லாம் ஒரே அடியாக உருகி ஓடுகிற நாட்களில், காலைக் காப்பி ஆறுவதற்குள் போய்விட்டான். புதுக் கல்லறைத் தோட்டத்தில் முதல் ஆள் அவன். பதினெட்டு மைல் தள்ளி நகரத்துக் கல்லறையில் கொண்டுபோய் அனாதை மாதிரி விட எனக்கு மனம் வரவில்லை. குழியில் ஊறும் தண்ணீரைப் பார்த்தாவது கமிட்டி குழாய்க்கு இறங்கி வரும் என்று நம்பினேன்.

அடக்கத்தன்று வாசல் வளைவில் டெம்பெக் பெயர் பளபளத்தது. குழியின் மேல் பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்துக்குக் கீழேயிருந்து கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று புதர்ப் பக்கம் போனது. புதருக்குப் பின்னால் ஒரு பம்பு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஃபாதர் ஜெபத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குளத்தையே கம்பளத்தில் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இளைப்பாற்றியைத் தாரும்" என்று ஃபாதர் சொன்ன இடத்தில் நான் குனிந்து கம்பளத்தைச் சுருட்டினேன்.

பம்பு இறைக்க இறைக்க நாலு பக்கத்து மணலிலிருந்தும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பாதிக் குழி தண்ணீர். ஓரத்தில் ஒரு தவளை.

"எறக்காதீங்க" என்றேன் தூக்கி வந்தவர்களிடம்.

"பெர்னிஸ், எல்லாரும் பாக்குறாங்க" என்று ஃப்லோரியன் பல்லைக் கடித்தான்.

"பாக்கட்டும். அதுக்குத்தான் சுருட்டினேன். நாப்பது வருஷம் உங்க வயல்ல நின்னவன். உங்க பீட்ரூட்டுக்கு ஈரம் ஆகாதுன்னு நின்னான். பீட்ரூட்டுக்கு இருந்த மரியாத அவனுக்கு இல்லையா? எறக்குனா நானும் கூடவே எறங்குவேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகைதான், இருந்தாலும் அழுகை.

ஹெட்விக் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் கயிறு கட்டி ஒதுக்கியிருந்த இரட்டை இடத்தைப் பார்த்தாள். டெம்பெக் குடும்பத்துக்கான இடம், வாசலுக்கு நேரே, முதல் வரிசையில்.

"ஃப்லோரியன்," என்றாள், "நம்ம எடம் இதுக்குப் பக்கத்துலதானே?"

"இப்ப எதுக்கு அது?"

"எனக்கு நீச்சல் தெரியாது."

பின் வரிசையில் யாரோ தும்முவது போலச் சிரித்தார்கள். ஃப்லோரியனின் காது நுனி வரை சிவந்தது.

"நாளைக்கே பெர்னிஸ் நம்ம வயல்ல குழாய் போடுவா. இல்லன்னா எனக்கு எங்க அம்மா வீட்டு ஊர்ல தனியா எடம் பாத்துக்குறேன். உன் பேர் போட்ட வளைவுக்குக் கீழ நீ மட்டும் தனியா மெதந்துக்க" என்றாள் ஹெட்விக்.

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "சரி" என்றான். பக்கத்தில் நின்ற எனக்கே அது பாதிதான் கேட்டது.

மண் உறைந்து கிடக்கும் மாதங்களில் சவப்பெட்டிகளை வைக்கிற கல் அறை ஒன்று பழைய கல்லறைத் தோட்டத்தில் உண்டு. அலோயை அங்கே வைத்துப் பூட்டினார்கள். எனக்கு ஒன்பது நாள் தேவைப்பட்டது. ஈர மணல் வெட்ட வெட்டக் கஞ்சி மாதிரி சரிந்து பள்ளத்தை மூடியது. பலகை அடைத்து, மணல் புகாமல் குழாய்க்குத் துணி உறை போட்டு, குழியின் அடிமட்டத்துக்கும் கீழே களிமண்ணைக் கீறிப் பதித்தேன். கமிட்டி ஆட்கள் மூன்று பேர் கூச்சத்தோடு மண்வெட்டி எடுத்து வந்தார்கள். ஃப்லோரியனும் வந்தான். நின்று பார்ப்பதில் அவன் கெட்டிக்காரன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஓடைக் கரையில் குழாயின் வாய் திறந்தது. முதலில் கலங்கலாகக் கொஞ்சம். அப்புறம் தெளிந்த தண்ணீர், கை கனத்துக்கு, நிற்காமல்.

ஒவ்வொரு புதுக் குழாயிலும் முதலில் வருகிற தெளிந்த தண்ணீரை அலோய் ஒரு மடக்குக் குடிப்பான். தொழில் வழக்கம் என்பான். காட்டுமிராண்டி வழக்கம் என்று நாற்பது வருடமும் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவன் தகரக் குவளையை நான்தான் பிடித்தேன். ஒரு மடக்குக் குடித்தேன். பல் கூசுகிற குளிர், நாக்கில் துரு ருசி. மறுபடி நிரப்பி ஃப்லோரியனிடம் நீட்டினேன்.

"என்னது?" என்றான்.

"உன் நெலத்துல இல்லாத தண்ணி. குடி."

சுற்றிலும் பார்த்தான். கமிட்டி ஆட்கள் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரை மேல் ஹெட்விக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குவளையை வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

மறுநாள் அலோயை இறக்கினோம். பம்பும் இல்லை, கம்பளமும் இல்லை. ஃபாதர் மெதுவாகவே ஜெபம் சொன்னார். என் முறை வந்ததும் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினேன். போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் கையைப் பாவாடையில் துடைக்கப் போனேன்.

துடைக்க ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.