அம்பிளி பெயரில் ஒரு பரிசு

அன்று பல்கலைக்கழகக் கல்வியியல் துறை அரங்கில் எங்கள் வீட்டிலிருந்து போயிருந்தவர்கள் மூன்று பேர்: ராஜப்பனாகிய நான், என் மனைவி சௌதாமினி, அவளுடைய அண்ணன் பொன்னப்பன். மேடையில் துறைத் தலைவர் யோசுவா சார் இருந்தார். பரிசு வாங்க வந்தவள் பொழியூர் ஜிஜி. நடந்ததை அருகில் நின்று அறிந்தவர்கள் இவ்வளவு பேர்தான். எங்கள் ஊர் உதியன்குளங்கரைச் சந்திப்பில் நின்று பேசுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

அம்பிளி எங்கள் ஒரே மகள். பி.எட். படிப்பில் தமிழை எடுத்திருந்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஹாஸ்டலில் எலிக்காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோன நான்காம் நாள் போய்விட்டாள். 1994 ஜூலை அது.

ஹாஸ்டலிலிருந்து பெட்டி வந்தபோது சௌதாமினி ஒரு நீலச் சேலையைத் தேடினாள். மகள் முதன்முதலாக வகுப்பு எடுக்கப் போனபோது வாங்கிக் கொடுத்தது. கீழ் ஓரத்துக்கு ஃபால் தைக்கையில் நீல நூல் தீர்ந்துபோய், ஒரு சாண் அளவுக்குப் பச்சை நூலால் சௌதாமினி தைத்து முடித்திருந்தாள். அதை உடுத்தித்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்றாள். பெட்டியில் அது இல்லை. மேலே தேய்த்து மடித்த ஒரு மஞ்சள் சேலை இருந்தது. மகள் தானே வாங்கியது போலும் என்று அதை உடுத்திச் சிதைக்கு அனுப்பினோம். நீலச் சேலையை ஹாஸ்டலில் யாரோ களவு கொண்டதாகப் பொன்னப்பன் பதினாறாம் நாள் சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை விற்றுப் பல்கலைக்கழகத்தில் எண்டோவ்மென்ட் வைத்தேன். தமிழ் எடுத்துப் படிக்கும், நெய்யாற்றின்கரைத் தாலுகா மாணவிகளில் பயிற்சி வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்குப் பரிசு. ஆண்டுக்கு ஒருமுறை அந்த அரங்கில் என் மகளுடைய பெயரை உரக்கப் படிப்பார்கள். எனக்கு அது போதும்.

முதல் பரிசு 1996 இல் கொடுக்கப்பட்டது. ஜிஜி அம்பிளியோடு சேர்ந்து படித்தவள். பொழியூரில் வீட்டைக் கடல் எடுத்ததால் இடையில் படிப்பை நிறுத்தி, பிறகு வந்து முடித்திருந்தாள்.

போகும் வழியெல்லாம் பொன்னப்பனின் வாய் சும்மா இருக்கவில்லை. "நகையெல்லாம் வித்து ஊராருக்குக் குடுக்கியதுக்கு, ஒரு கல்யாண மண்டபம் கெட்டியிருந்தா நாலு காசு வந்திருக்கும் மச்சான்."

"கெட்டினா அதுலெ முதல் கல்யாண விருந்தெ நீருதான் ஓசியிலெ தின்னிருப்பீரு," என்றாள் சௌதாமினி. இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வேடிக்கை அது.

அரங்கில் அம்பிளியின் பெயரைப் படித்தார்கள். சௌதாமினி பரிசு உறையோடு மேடையில் நின்றாள். ஜிஜி படியேறி வந்து காலைத் தொடக் குனிந்தாள். அவள் உடுத்தியிருந்தது நீலச் சேலை. கீழ் ஓரத்தில் பச்சை நூல்.

சௌதாமினியின் கையிலிருந்து உறை விழுந்தது. குனிந்து அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் பொன்னப்பன் எழுந்துவிட்டார். "அது எங்க அம்பிளிக்க சேலையாக்கும்! எலே, களவாணிக்கா பரிசு குடுக்கிய?"

அரங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜிஜியின் முகத்தில் இரத்தமே இல்லை. என் மகளின் பெயரால் பரிசு வாங்க வந்தவள், என் உறவுக்காரர் வாயால் சபையில் அந்தச் சொல்லைக் கேட்டு நிற்கிறாள். நான் எழுந்தேன்.

"மச்சான், இரியும். எங்க வீட்டுலெ இருந்து குடுத்த சேலையாக்கும் அது."

கொடுத்ததா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்தார். சௌதாமினி மேடையை விட்டு இறங்கிவிட்டாள். நான் ஏறி உறையை எடுத்து ஜிஜியின் கையில் கொடுத்தேன். கைதட்டினார்கள்.

பிறகு யோசுவா சாரின் அறையில் ஜிஜி அழுதபடியே சொன்னாள். பயிற்சியில் கிரிட்டிசிசம் கிளாஸ் என்று ஒன்று உண்டு. ஒருத்தி பாடம் எடுக்க, மற்றவர்கள் பின்பெஞ்சில் இருந்து குற்றம் கண்டுபிடிப்பார்கள்.

"ஒரே சேலையிலெ ரெண்டு மட்டம் நின்னா பிள்ளைகள் சிரிக்கும் அம்மா. அதுனாலெ அவளுக்க நீலத்தெ நான் உடுப்பேன், எனக்க மஞ்சளெ அவ உடுப்பா. காய்ச்சலு வந்து அவளெ கொண்டுபோனப்பம் நீலம் என் மேலெ கெடந்து."

"பிறவு ஏன் மக்கா கொண்டு தரல்ல?" என்று கேட்டாள் சௌதாமினி.

"தரத்தான் வந்தேன். அடக்கத்து அன்னைக்கு உங்க முற்றத்துலெ நின்னேன். அவ எனக்க மஞ்சளெ உடுத்திட்டுக் கெடந்தா. நான் எப்பிடிச் சொல்லுவேன் அம்மா? கடலு வீட்டெ எடுத்தப்பம் இதெ மட்டும் தலையிலெ வச்சிட்டு ஓடினேன். இன்னைக்கு இதெ உடுத்திட்டு வந்தா, அவளெ கண்ட மாதிரி உங்களுக்கு இருக்கும்ணு நெனச்சேன்."

சௌதாமினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பம் எனக்க பிள்ளெ எனக்க சேலையிலெ போகல்ல," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"நான் இப்பமே மாத்தித் தாறேன் அம்மா."

"மாத்திக்கிட ஒனக்க சேலை இல்லியே மக்கா. அதெத் தீயிலெ வச்சாச்சே."

ஜிஜியின் கையை விட்டு, பச்சை நூல் ஓடிய இடத்தை ஒருமுறை விரலால் நீவிவிட்டாள். "பள்ளிக்கூடத்துக்கு இதெ உடுத்திட்டுப் போ. நூலு விட்டா கொண்டா, தச்சுத் தாறேன்."

திரும்பி வருகையில் காரில், நெய்யாற்றின்கரை தாண்டியபோது சௌதாமினி என் தோளில் முகத்தை வைத்து, மகள் போன அன்று அழாத அழுகையை அழுதாள்.

நாங்கள் கடற்கரைப் பெண்ணுக்குப் பரிசு கொடுக்க மனமில்லாமல் மேடையை விட்டு இறங்கினோம் என்றும், அவள் உடுத்தியிருந்தது களவுச் சேலை என்றும் சந்திப்பில் சொல்கிறார்கள். பரிசைக் கொடுத்தது நான். சேலையைக் கொடுத்தது என் மகள். அதற்கு ஈடாக வாங்கிய மஞ்சள் சேலையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.